நிழலின் கணக்கு

வானிலை நிலையங்களில் வெப்பமானி வெயிலில் நிற்பதில்லை. வெள்ளை வர்ணம் பூசிய ஒரு பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், நிழலில் இருக்கிறது. பெட்டியின் நான்கு பக்கமும் சாய்வான பலகைச் சட்டங்கள். காற்று தாராளமாகப் போய்வரும். வெயில் மட்டும் உள்ளே புகாது. 1860களில் இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். கலங்கரை விளக்கங்கள் கட்டுவது அவருடைய தொழில். 'டிரெஷர் ஐலண்ட்' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அவருடைய மகன்.

ஆகவே, "சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று 40 டிகிரி" என்று செய்தியில் சொன்னால், நிழலில் இருந்த காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் என்று பொருள். 2003 மே மாதக் கடைசியில் அதே நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அதுவும் நிழல் கணக்குதான். கூரையில்லாத நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவரும், தள்ளுவண்டியில் இளநீர் விற்பவரும், சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரும் அன்று எவ்வளவு வெப்பத்தைத் தாங்கினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

மனித உடலுக்கு வெப்பம் பல வழிகளில் வருகிறது. சுற்றியுள்ள காற்று ஒரு வழி. தலைமேல் நேராக விழும் வெயில் இன்னொன்று. சூடேறிய சாலையும் சுவரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வீசும் அனல் மற்றொன்று. கோடை நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அதன்மேல் நிற்பவரைக் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அந்த அனல் தாக்குகிறது. இப்படி எல்லாத் திசையிலிருந்தும் வரும் கதிர்வீச்சைச் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்வதற்கு ஆய்வாளர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை என்று பெயர். காற்று 35 டிகிரியில் இருக்கும் நாளில் திறந்த சாலையில் இந்த எண் 60ஐத் தாண்டுவது சாதாரணம். பக்கத்திலேயே அடர்ந்த ஒரு மரத்தடிக்குப் போனால் அது காற்றின் வெப்பநிலைக்கு அருகில் இறங்கிவிடும். ஆனால் அதே மரத்தடியில் காற்றை மட்டும் அளந்தால் ஒரு டிகிரியோ இரண்டு டிகிரியோதான் குறைந்திருக்கும்.

ஒரு மரம் எவ்வளவு குளிர்விக்கும் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வது இதனால்தான். வெப்பமானி ஒன்று சொல்கிறது, உடல் வேறொன்று சொல்கிறது. இரண்டும் உண்மை. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை நகர மரங்களைப் பற்றிய பேச்சு ஒன்று மிகைப்படும், இல்லையென்றால் குறைபடும்.

நகரம் ஏன் கூடுதலாகச் சுடுகிறது

நகரம் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடானது என்பதை முதலில் எண்களால் நிறுவியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். மருந்துப்பொருள் தயாரிப்பு அவருக்குத் தொழில். வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு. மேகங்களுக்கு இன்றும் வழங்கும் க்யூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் என்ற பெயர்கள் அவர் வைத்தவை. லண்டனின் தட்பவெப்பம் பற்றி 1818இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூல், நகரத்தின் இரவு சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட 3.7 டிகிரி பாரன்ஹீட் சூடாக இருப்பதைக் காட்டியது. செல்சியஸில் ஏறக்குறைய 2 டிகிரி. வேறுபாடு பகலைவிட இரவில்தான் தெளிவாகத் தெரிந்தது என்பது கவனிக்கவேண்டிய செய்தி.

காரணங்கள் இன்று நன்றாகத் தெரிந்தவை. கான்கிரீட்டும் தாரும் செங்கல்லும் பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கிச் சேர்த்துவைத்து, இரவில் மெல்ல வெளியே விடுகின்றன. ஈரமண் இருந்தால் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகியிருக்கும். மண்ணை மூடிவிட்டதால் அந்தப் பங்கும் சூடாகவே மிஞ்சுகிறது. நெருக்கமான உயரக் கட்டடங்களுக்கு நடுவே தெருவிலிருந்து தெரியும் வானம் குறுகிப்போகிறது. இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசித்தான் குளிரவேண்டும். அந்த வழி அடைபட்டு, வீசிய வெப்பம் எதிர்ச்சுவரில் மோதித் திரும்புகிறது. வாகனங்களும் ஏ.சி. இயந்திரங்களும் தங்கள் பங்குக்குச் சூட்டைக் கக்குகின்றன. இவையெல்லாம் சேர்ந்த விளைவுக்கு நகர வெப்பத்தீவு என்று பெயர்.

சென்னைக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகை கடற்காற்று. கோடையில் நண்பகலையொட்டிக் கிழக்கிலிருந்து அது நுழைந்துவிட்டால் வெப்பம் ஏறுவது நின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று வலுத்து, கடற்காற்று வரத் தாமதமாகும் நாட்களில்தான் நகரம் தகிக்கிறது. அந்த நாட்களில் கை கொடுக்க மிஞ்சுவது நிழல் மட்டுமே.

தகரக் கூரையும் இலைக் கூரையும்

மரம் குளிர்விக்கும் வழிகள் இரண்டு. முதலாவது நிழல்.

அடர்ந்த ஒரு மரத்தின் கிளைவிதானம் கோடையில் தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் 10 முதல் 30 விழுக்காட்டை மட்டுமே கீழே விடுகிறது. மீதியில் ஒரு பகுதியை இலைகள் உறிஞ்சிக்கொள்கின்றன, மறு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. மரநிழல் விழும் சுவரும் தரையும் வெயிலில் கிடக்கும் அதே பொருட்களைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சுவர் சூடேறாவிட்டால் வீட்டுக்குள் சூடு இறங்காது. அந்தச் சுவர் இரவில் கக்குவதற்கும் அதிகம் இருக்காது.

நிழல்தானே, ஒரு தகரக் கொட்டகை போட்டால் போதாதா என்று கேட்கலாம். மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்தவருக்கு விடை தெரியும். தகரம் வெயிலைத் தடுத்தாலும் தானே கொதித்து, கீழே இருப்பவர்மேல் அனலை வீசுகிறது. இலை அப்படிச் சூடேறுவதில்லை. மெல்லியது, சிறியது, காற்றில் ஆடுவது என்பதால் வாங்கிய வெப்பத்தை உடனுக்குடன் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதோடு அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. இதனால் வெயிலில் நிற்கும் இலையின் வெப்பநிலை பெரும்பாலும் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கிறது. ஒரு மரத்தில் இப்படிப் பல அடுக்கு இலைகள். மேலடுக்கு சூடேறினாலும் கீழடுக்கு அதை மறித்துவிடும்.

எல்லா மர நிழலும் ஒன்றல்ல. தென்னையின் கீற்று வழியே வெயில் சல்லடையாக இறங்கும். முருங்கை நிழலை நம்பி யாரும் கட்டில் போடுவதில்லை. புங்கை, வேம்பு, ஆல், அரசு, பூவரசு, இலுப்பை, நாவல் ஆகியவற்றின் கிளைவிதானம் அடர்த்தியானது, அகலமானது. இவற்றில் புங்கையும் வேம்பும் பின்பனிக்காலத்தை ஒட்டி இலை உதிர்த்து, பங்குனி வெயில் ஏறும் வேளையில் புதுத்தளிர் விட்டு நிறைந்துவிடுகின்றன. கத்திரி வெயில் தொடங்கும்போது இரண்டும் முழு இலையோடு தயாராக நிற்கும். கிராமத்துத் திண்ணைக்கு முன்னால் புங்கையை வைத்த தலைமுறைக்கு இந்த நாட்கணக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

100 லிட்டர் தண்ணீர்

இரண்டாவது வழி நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகச் சிறிய பங்குதான் மரத்தின் உடலாக மாறுகிறது. மற்றதெல்லாம் இலைகளில் உள்ள நுண்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடும். இத்துளைகளைத் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும்; திறந்தால் தண்ணீர் வெளியே போவதையும் தடுக்க முடியாது. மரத்துக்கு இது உணவுக்காகக் கொடுக்கும் விலை. நகரத்துக்கோ பெரிய வரவு.

எவ்வளவு வரவு என்று கணக்கிடலாம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல 8 மடங்கு வெப்பம் வேண்டும், அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க. மின் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.68 யூனிட். நன்கு வளர்ந்த பெரிய மரம், மண்ணில் ஈரம் இருந்தால், ஒரு நாளில் 100 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக்கூடும். அதாவது சுற்றுப்புறத்திலிருந்து 68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் ஏ.சி. முழுவேகத்தில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஓடி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்துக்கு இது சமம்.

இந்த ஒப்பீட்டை ஓர் எச்சரிக்கையோடுதான் சொல்லவேண்டும். ஏ.சி. நான்கு சுவருக்குள் வேலை செய்கிறது, மரமோ திறந்தவெளியில். அது குளிர்வித்த காற்றை அடுத்த நொடி வீசும் காற்று வாரிக்கொண்டு போய்த் தெருவெங்கும் கலந்துவிடும். தனி மரத்தடியில் வெப்பமானி பெரிதாக இறங்காததன் காரணம் இதுவே. ஆனால் ஏ.சி. அறையில் எடுத்த வெப்பத்தோடு தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கித் தெருவில் கொட்டுகிறது. மரம் எடுத்த வெப்பம் நீராவிக்குள் மறைந்து, மேலெழுந்து, எங்கோ மேகமாகும்போதுதான் வெளிப்படும். ஒருவருடைய குளிர்ச்சி பக்கத்து வீட்டுக்காரருக்குச் சூடாவது மரத்தின் விஷயத்தில் நடப்பதில்லை.

நீராவிப்போக்குக்கு நிபந்தனைகள் உண்டு. காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் வேகமாகும். கடலோர ஈரக்காற்றில் மந்தமாகும். அதனால் டெல்லியில் கோடையில் ஒரு மரம் செய்யும் குளிர்விப்பும் சென்னையில் செய்யும் குளிர்விப்பும் ஒரே வகையல்ல. புழுக்கம் மிகுந்த ஊரில் மரம் வெளிவிடும் நீராவி கொஞ்சம் புழுக்கத்தைக் கூட்டவும் செய்யும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற நகரங்களில் மரத்தின் பெரிய கொடை நிழல்தான். ஆவி இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும்? மரம் துளைகளை மூடிக்கொள்ளும், குளிர்விப்பு நின்றுபோகும். தண்ணீர் இருந்தால்? ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே ரிச்மண்ட் என்னும் இடத்தில் யூக்கலிப்டஸ் மரங்களை முழு மரமாகக் கண்ணாடிக்கூடு போன்ற அறைகளுக்குள் வளர்த்து, நான்கு நாட்கள் தொடர்ந்து பகலில் 43 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு ஆய்வாளர்களையே வியக்கவைத்தது. ஒளிச்சேர்க்கை ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் நீராவிப்போக்கு நிற்கவில்லை. உணவு தயாரிக்காத நேரத்திலும் அம்மரங்கள் தண்ணீரைச் செலவழித்து இலைகளைக் காப்பாற்றிக்கொண்டன. கடும் வெப்ப அலையிலும் ஒரு மரம் தன் வேலையைத் தொடரவேண்டுமானால் வேருக்கு எட்டும் தூரத்தில் ஈரம் இருக்கவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

மாடிசன் நகரத்து மிதிவண்டி

ஒரு மரத்தின் கணக்கு இது. ஒரு தெருவின் கணக்கை அளக்க ஒருவர் மிதிவண்டி எடுத்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், கார்லி ஸைட்டர் என்ற சூழலியலாளர் தன் மிதிவண்டியில் வெப்ப உணரிக் கருவியைக் கட்டிக்கொண்டு, 2016ஆம் ஆண்டுக் கோடையில் பத்துத் தடங்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார். 5 மீட்டருக்கு ஒரு முறை காற்றின் வெப்பம் பதிவானது. ஒரே நகருக்குள், ஒரே நேரத்தில், இடத்துக்கு இடம் பல டிகிரி வேறுபாடு இருந்தது.

2019இல் வெளியான அந்த ஆய்வின் மையமான முடிவு எல்லா மாநகராட்சிகளும் அறியவேண்டிய ஒன்று. மரங்கள் கூடக்கூடக் குளிர்ச்சி சீராகக் கூடுவதில்லை. ஒரு தெருத்தொகுதியின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் கிளைவிதானம் மூடும்போதுதான் பகல் காற்றின் வெப்பம் கணிசமாக இறங்கத் தொடங்குகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்ட மரங்கள் தம்மடியில் நிற்பவருக்கு நிழல் தரும். தெருவின் காற்றை மாற்றாது. 30 விழுக்காட்டில் நிற்கும் தெருவை 45க்குக் கொண்டுபோனால் கிடைக்கும் பலன், 5இல் இருக்கும் தெருவை 20 ஆக்கினால் கிடைப்பதைவிட அதிகம்.

ஐரோப்பாவின் 293 நகரங்களைச் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு குழப்பத்தைத் தீர்த்தது. மரமில்லாத பசும்பரப்பு, அதாவது புல்தரையும் செடிப்பாத்தியும், தரையின் வெப்பத்தைக் குறைப்பதில் மரங்களைவிட 2 முதல் 4 மடங்கு பின்தங்கியிருந்தன. 'பூங்கா' என்ற பலகைக்குப் பின்னால் புல்விரிப்பும் நடைபாதையும் நீரூற்றும் மட்டும் இருந்தால், மே மாதத்து மதியத்தில் அங்கே காவலாளிகூட நிற்கமாட்டார்.

இந்த டிகிரிகள் உயிர்க்கணக்காக மாறுவதைக் காட்டியது 'லான்செட்' மருத்துவ இதழில் 2023இல் வந்த ஆய்வு. பார்சிலோனாவின் ஐ.எஸ்.குளோபல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 93 ஐரோப்பிய நகரங்களை எடுத்துக்கொண்டார்கள். 2015 கோடையில் நகர வெப்பத்தீவின் காரணமாக அங்கே சுமார் 6,700 பேர் அகால மரணமடைந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். அந்நகரங்களில் மரவிதானம் சராசரியாக 15 விழுக்காடு. அதை 30 ஆக்கியிருந்தால் சராசரி வெப்பம் 0.4 டிகிரி குறைந்திருக்கும்; 2,644 உயிர்கள் தப்பியிருக்கும். அரை டிகிரிகூட இல்லாத குறைவு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சாவுகளைத் தடுத்திருக்கும்.

இந்தியாவுக்கும் இதே வகைக் கணக்கு ஒன்று உண்டு. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டால் அம்மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் 2013இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டத்தை வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நிழல் யாருக்கு

நிழல் எல்லாத் தெருவிலும் சமமாக விழுவதில்லை. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்காக நகரங்களை வரைபடத்தில் தரம்பிரித்தார்கள். கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் காட்டி, கடன் கொடுக்க ஏற்றவை அல்ல என்று ஒதுக்கினார்கள். முதலீடு போகாத இடத்துக்கு மரமும் போகவில்லை. 108 நகரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தச் சிவப்புப் பகுதிகளின் தரைவெப்பம் இன்றும் சராசரியாக 2.6 டிகிரி கூடுதல். சில நகரங்களில் 7 டிகிரி வரை. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தபின்னும் அந்தப் பாகுபாடு வெப்பமானியில் தெரிகிறது.

கொலம்பியாவின் மெதெயின் நகரம் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. அங்கே 2016இல் தொடங்கி 18 சாலைகளையும் 12 நீரோடைக் கரைகளையும் 30 பசுமை வழித்தடங்களாக மாற்றினார்கள். வாகனம் நெரிந்த, வெட்டவெளியான சாலைகளையே தேர்ந்தெடுத்து, உயர மரம், நடுத்தர மரம், புதர், தரைச்செடி என்று அடுக்கடுக்காக நட்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தோட்டப் பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தடங்களில் வெப்பம் 2 டிகிரி குறைந்திருப்பதாக நகர நிர்வாகம் கணக்குக் காட்டுகிறது. 2019இல் இதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

சிங்கப்பூரில் இந்த வேலை இன்னும் முன்பே தொடங்கியது. 1963 ஜூன் 16 அன்று பிரதமர் லீ குவான் யூ ஃபாரர் சர்க்கஸ் என்னும் இடத்தில் ஒரு மரக்கன்றை நட்டார். சாலையோரத்தில் மரத்துக்கென்று மண்பட்டை விடுவது பின்னாளில் அங்கே கட்டாயமானது. சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் சாலையில் இருபுறமும் கைகோத்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் அந்தக் கொள்கையின் விளைச்சல். சென்னையைப் போன்றே ஈரமும் வெப்பமும் நிறைந்த ஊர் அது; நிழலை நம்பியே அங்கே மக்கள் நடக்கிறார்கள்.

சாலைக்கு நிழலும் தேவை என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அல்ல. விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நிழல் தரச் சாலைகளில் ஆலமரம் நட்டதை அசோகரின் தூண் கல்வெட்டு பதிவுசெய்கிறது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் மரம் வைத்து அமைத்த சாலைகள் தென்மாவட்டங்களில் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. தமிழகத்து நெடுஞ்சாலைகளின் இருபுறமும் எண்ணிட்டு வெள்ளை, கறுப்புப் பட்டை அடித்து நின்ற புளியமரங்களின் காயை அரசு ஏலம் விட்டது. சாலை நான்குவழியாக அகன்றபோது வெட்டுப்பட்டவற்றில் பெரும்பங்கு அவைதான்.

மரத்தால் ஆகாதவை

மரத்தின்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக்கூடாது. பகலில் வெயிலை மறைக்கும் அதே கிளைவிதானம் இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போவதையும் மறைக்கும். மாடிசன் ஆய்விலும் இரவில் மரங்களின் பங்கு சுருங்கிவிட்டது. கான்கிரீட் பரப்பு எவ்வளவு என்பதுதான் இரவுச் சூட்டைத் தீர்மானித்தது. தார்ச்சாலையை அப்படியே விட்டுவிட்டு மரத்தை மட்டும் கூட்டினால் பகல் குளிரும், இரவு குளிராது. குறுகலான தெருவில் இருபுறமும் கிளைகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டால் வாகனப் புகையும் உள்ளேயே தேங்கும். யூக்கலிப்டஸ், ஓக், பாப்லர் போன்ற சில மரங்கள் வெப்பத்தில் ஐசோப்ரீன் என்ற ஆவியை மிகுதியாக வெளியிடுகின்றன. வாகனப் புகையோடு அது சேர்ந்தால் ஓசோன் மாசு உண்டாகும். எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்பதை நாற்றங்கால் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சென்னை இதை வேறொரு வழியில் கற்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பிற்பகலில் சாய்ந்தன. பூவின் அழகுக்காகவும் விரைவாக வளர்வதற்காகவும் பல பத்தாண்டுகளாகத் தெருவெங்கும் நட்டிருந்த மடகாஸ்கர் நாட்டு மயில்கொன்றையும், பெருங்கொன்றையும் விழுந்தவற்றில் நிறைய. மரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேர் பரவ இடமில்லாத மரம் எந்த இனமானாலும் புயலில் நிற்காது.

பரவலாக ஒரே இனத்தை நடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நோயோ பூச்சியோ வந்தால் தெருவே மொட்டையாகிவிடும். நீண்ட வறட்சியில் மரங்களை இழந்த ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் 2012இல் வகுத்த திட்டத்தில் ஒரு விதி வைத்தது: நகர மரங்களில் எந்த ஓர் இனமும் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஒரு பேரினம் 10ஐ, ஒரு குடும்பம் 20ஐ. 2040க்குள் பொது இடங்களின் கிளைவிதானத்தை 22 விழுக்காட்டிலிருந்து 40 ஆக்குவது இலக்கு. ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். ஒடிந்த கிளையைப் பற்றிப் புகார் வரும் என்று எதிர்பார்த்த அலுவலகத்துக்கு மரங்களின் பெயருக்குக் காதல் கடிதங்கள் வந்து குவிந்தன.

வேருக்கு இடம்

நகரத்து மரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தரைக்குக் கீழே. நடைபாதையில் ஓரடிக் குழி, அதைச் சுற்றி அடிமரம் வரை பூசிய சிமெண்ட், அதன்மேல் பேவர் பிளாக். மழை மண்ணுக்குள் இறங்காது, காற்றும் போகாது. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒருபக்க வேர் மொத்தமாக அறுந்துபோகும். மேலே மின்கம்பிக்காக ஒருபக்கக் கிளையை மட்டும் கழிக்கிறார்கள். எடை ஒருபுறம், பிடிப்பு மறுபுறம் என்று நிற்கும் மரம் அடுத்த காற்றுக்குச் சாய்வதில் வியப்பில்லை.

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஸ்டாக்ஹோம் நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. நடைபாதைக்கு அடியில் பெரிய ஜல்லிக்கற்களை நிரப்பி, இடுக்குகளில் மண்ணும் உயிர்க்கரியும் சேர்த்தார்கள். மேலே ஏறும் பாரத்தைக் கற்கள் தாங்கும். இடுக்குகளில் வேர் ஓடும். கூரையிலும் சாலையிலும் விழும் மழைநீரை அங்கேயே திருப்பிவிட்டார்கள். வெள்ளமாக ஓடியிருக்கவேண்டிய தண்ணீர் கோடையில் இலை வழியே ஆவியாகிறது. மழையில் முழங்கால் தண்ணீரும் கோடையில் குடிநீர் லாரியுமாக வாழும் நகரங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

மரக்கன்று நடும் விழாக்களில் பேசப்படும் எண்ணிக்கையை ஓர் எளிய கணக்கோடு ஒப்பிடலாம். 10 மீட்டர் அகலம் பரந்த ஒரு வேப்பமரம் ஏறக்குறைய 78 சதுர மீட்டர் தரையை மூடுகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள இளங்கன்று முக்கால் சதுர மீட்டரைத்தான் மூடும். ஒரு பெரிய மரத்தின் நிழலை ஈடுகட்ட 100 கன்றுகள் வேண்டும், அதுவும் அத்தனையும் பிழைத்தால். "ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்" என்ற வாக்குறுதி நிழல் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. அந்தப் பத்தும் வளர்ந்து ஈடுசெய்வதற்குள் அத்தெருவில் பல கோடைகள் கடந்திருக்கும். புதிதாக நடுவதற்கு முன்னால் இருப்பதைக் காப்பதே மலிவான, விரைவான குளிர்விப்பு.

தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலம் முழுமைக்குமான அந்த எண்ணில் மலையும் காடும் தோப்பும் அடங்கும். ஒரு நகரவாசியின் வீட்டு வாசலுக்கு அது எதையும் உறுதி செய்வதில்லை. அதற்கு வேறொரு அளவுகோல் உதவும். நகரக் காடுகளை ஆராயும் நெதர்லாந்து அறிஞர் செசில் கோனிநெண்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 விதி இது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது கண்ணுக்குத் தெரியவேண்டும், குடியிருப்பின் பரப்பில் 30 விழுக்காட்டைக் கிளைவிதானம் மூடவேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசும்பூங்கா இருக்கவேண்டும். சன்னலைத் திறந்தால் முதல் எண்ணை யாரும் சரிபார்த்துவிடலாம்.

அடுத்த முறை உங்கள் மாநகராட்சி இத்தனை லட்சம் கன்றுகள் நட்டதாக அறிவிக்கும்போது, வார்டு உறுப்பினரிடம் கேட்கவேண்டியவை இவை. ஐந்தாண்டுக்கு முன் நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? நம் வார்டின் கிளைவிதானம் எத்தனை விழுக்காடு? நிழலே இல்லாத பேருந்து நிறுத்தங்களும் சந்தைத் தெருக்களும் எவை? உங்கள் தெருவிலேயே அடிமரம்வரை சிமெண்ட் பூசிய மரம் இருந்தால், அதைச் சுற்றி ஒரு மீட்டருக்கு உடைத்து மண்ணைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடுத்தால், அந்த ஆண்டு மழையாவது வேருக்குப் போய்ச்சேரும்.